பில்லில் இல்லாத சாமான்

"பத்து வரி இருக்குக்கா. ஒன்பது வரி பச்சை, ஒரு வரி சிவப்பு," என்றாள் சின்னவள், லேப்பிலிருந்து வந்த காகிதத்தைப் பிரித்து.

"சிவப்புன்னா நல்லதா, கெட்டதா?"

"ரோட்டுல சிவப்பு எரிஞ்சா என்ன பண்ணணும்?"

"எங்க வீட்டுக்காரர் வண்டின்னா போய்க்கிட்டே இருக்கும். மத்தவங்க நிக்கணும்."

"நாம மத்தவங்கதான். நிக்கணும்."

பெரியவள் நிற்கவில்லை. பாட்டிலைத் தொடையிடுக்கில் வைத்து, லேபிளை ஒட்டி, கட்டை விரலால் ஒரு நீவு நீவிவிட்டு, அடுத்ததை எடுத்தாள். ஒரே வீட்டு அண்ணன் தம்பிக்கு வாக்கப்பட்ட ஓரகத்திகள் இருவரும். சைக்கிள் கடைக்குப் பின்னால் இருக்கிற தகரக் கொட்டகையில் சோப்புத் திரவம் காய்ச்சுகிறார்கள். பாத்திரம் கழுவ ஒன்று, தரை துடைக்க ஒன்று, குழந்தைகள் கை கழுவ ஒன்று. கலக்குவது பெரியவள். எழுதுவது, பேசுவது, நாலு இடத்துக்குப் போய் வருவது சின்னவள். இந்தப் பாகப்பிரிவினையை யாரும் உட்கார்ந்து பேசிச் செய்யவில்லை. கல்யாணமாகி வந்த புதிதில், பேசவே பயந்துகொண்டு வாசலில் நின்ற சின்னவளின் கையில் பெரியவள் ஒரு புனலைக் கொடுத்து, "சும்மா நிக்காத, இத பிடி," என்றாள். அன்றைக்குப் பிடித்ததுதான். அந்தப் புனலுக்காகச் சின்னவள் இன்றுவரை மனதுக்குள் கும்பிடு போட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். வெளியே சொன்னால் பெரியவள், "ஏன், வேற வேலை இல்லையா," என்பாள்.

"எந்த வரிடி சிவப்பு?"

"கெட்டுப் போகாம இருக்க ஒரு மருந்து ஊத்துவோமே, அது. பழசு. புதுச் சட்டத்துல, பிள்ளைங்க கை படுற சாமான்ல அது துளிகூட இருக்கக் கூடாது."

"அத நாம விட்டுப் பத்து மாசம் ஆச்சே."

"ஆச்சு. ஆனா லேப்ல இருக்குங்கிறாங்க. ரொம்பக் கொஞ்சம். ஆனா இருக்கு."

அப்போதுதான் பெரியவளின் கட்டை விரல் நின்றது.

அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து புதுச் சட்டம். வீட்டுக்குள் புழங்கும் எந்தத் திரவமானாலும் பொடியானாலும், உள்ளே என்னென்ன இருக்கிறது என்று ஒன்று விடாமல் எழுத வேண்டும். லேப்பில் கொடுத்துச் சோதித்த காகிதம் வேண்டும். அந்தக் காகிதத்தின் அடியில், 'இதற்கு நான் பொறுப்பு' என்று ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். அந்த ஒருவர் சின்னவள். காய்ச்சும் சரக்கில் பாதிக்கு மேல் போவது குழந்தைகள் காப்பகங்கள் பதினொன்றுக்கு. பதினொன்றையும் பார்த்துக்கொள்ளும் மேடம் போனில் தெளிவாகச் சொல்லியிருந்தார்:

"எனக்கு உங்க சோப்புதான் பிடிச்சிருக்கு. பிள்ளைங்க கண்ணுல பட்டாலும் எரியலைங்கிறாங்க. ஆனா இருபத்தஞ்சாம் தேதிக்குள்ள பேப்பர் வரணும். பேப்பர் இல்லாத பாட்டில் எதையும் பிள்ளைங்க கைக்கு நான் குடுக்க மாட்டேன். கோவிச்சுக்காதீங்க."

கோபிப்பதற்கு அதில் என்ன இருக்கிறது. தன் பிள்ளை அங்கே இருந்தால் சின்னவளும் அதையேதான் சொல்வாள். ஆனால் இன்றைக்குத் தேதி ஐந்து. காகிதம் வராவிட்டால் காப்பகங்கள் போகும். காப்பகங்கள் போனால் கொட்டகையில் பாதி டிரம் கவிழ்ந்து கிடக்கும்.

சின்னவள் ஃபைலை விரித்து உட்கார்ந்தாள். தண்ணீர் குழாய்த் தண்ணீர். உப்பு கடை உப்பு. நுரை வருகிற சரக்கு பெரிய கம்பெனியிலிருந்து, முத்திரை போட்ட காகிதத்தோடு வருகிறது. மிச்சம் இருப்பது இரண்டு: வாசனையும், கெடாமல் வைக்கும் புது மருந்தும். இரண்டையும் கொடுப்பது ஒரே ஆள். ஊரே அவரை வாசனைக்காரர் என்றுதான் கூப்பிடும்.

"அவராத்தான் இருக்கணும்க்கா. பழைய மருந்து மிஞ்சிக் கிடந்திருக்கும். புது டப்பாவுல ஊத்தி நம்ம தலையில கட்டிட்டாரு."

"அந்த மனுஷனா? மீதிச் சில்லறை ஒத்தக் காசுக்கு மூணு தெரு திரும்பி வந்தவராச்சே."

"காசுல நல்லவரு எல்லாத்துலயும் நல்லவரா இருக்கணுமா?"

போன் போட்டாள். எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். எடுக்கவில்லை. நாலு தடவை எடுக்காத போன், சந்தேகத்தை நிச்சயமாக்கிவிட்டது.

மறுநாள் சனிக்கிழமை. நூலக மாடியில் வகுப்பு. புதுச் சட்டத்துக்குச் சிறு தொழில்காரர்களைத் தயார்ப்படுத்தவென்று அரசாங்க அலுவலகத்திலிருந்து ஓர் அம்மாள் வந்து ஆறு சனிக்கிழமை பாடம் நடத்துகிறார். எல்லாரும் அவரை வகுப்பம்மா என்பார்கள். மூக்கில் ஒரு கண்ணாடி, நெற்றியில் ஒரு கண்ணாடி. முதல் நாளே, "சட்டம் உங்களப் பிடிக்க வர்றதுக்குள்ள நீங்க போய் சட்டத்தப் பிடிச்சுக்கங்க. அதுக்குத்தான் நான் வந்திருக்கேன்," என்றவர். மெழுகுவர்த்தி செய்கிறவர், ஷூ பாலீஷ்காரர், பிள்ளைகளுக்கு வண்ணக் கலவை செய்கிற அம்மாள் என்று பதினாலு பேர் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். அதில் பாதிப் பேர் வாசனைக்காரரிடம் வாங்குகிறவர்கள்.

சின்னவள் எழுந்து கேள்வி கேட்டாள். கேள்வியாக மட்டும் கேட்டிருக்கலாம். "சரக்கு குடுக்கிறவரே ஏமாத்தினா நாங்க என்ன பண்றது மேடம்?" என்று கேட்டுவிட்டு, மெழுகுவர்த்திக்காரர், "யாரச் சொல்றீங்க?" என்றதும், வாசனைக்காரரைச் சொல்லியும் விட்டாள்.

பெஞ்சு பெஞ்சாக ஒரு முணுமுணுப்பு ஓடியது. வகுப்பம்மா நெற்றிக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

"தெரிஞ்சு சொல்றீங்களா, தெரியாம சொல்றீங்களா?"

"வேற யாரா இருக்க முடியும் மேடம்?"

"அது பதில் இல்லையேம்மா," என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் பாடத்துக்குத் திரும்பினார்.

திங்கட்கிழமை காலையில் கொட்டகை வாசலில் ஆட்டோ வந்து நின்றது. வாசனைக்காரர் இறங்கினார். அறுபதைத் தாண்டிய ஒல்லியான மனிதர். இரண்டு கையிலும் இரண்டு துணிப்பை, பை நிறைய ஃபைல்.

"மக வீட்டுக்குப் போயிருந்தேன். பேரன் என் போனைத் தண்ணித் தொட்டியில போட்டுட்டான். நேத்து ராத்திரி வேற போன் வாங்கிப் போட்டா, முதல் போன் மெழுகுவர்த்திக்காரர். 'அண்ணே, உங்களப் பத்தி ஒரு சேதி அடிபடுது'ன்னார். நான் செத்துட்டேன்னு யாரோ கிளப்பி விட்டுட்டாங்களோன்னு நினைச்சேன். முழுசாக் கேட்டப்புறம், அதுவே பரவாயில்லன்னு தோணுச்சும்மா."

பெரியவள் ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள்.

"உக்காருங்கண்ணே."

"உக்கார வரல. இதப் பாருங்க." அவர் ஃபைல்களை ஒவ்வொன்றாக லேபிள் மேசையில் அடுக்கினார். புது மருந்து வாங்கிய காகிதம். பழைய மருந்தைத் திருப்பி அனுப்பிய காகிதம். தன் சொந்தச் செலவில் லேப்பில் கொடுத்துச் சோதித்த காகிதம், தேதியோடு, முத்திரையோடு. "உனக்குக் குடுத்த டப்பா நம்பர் இந்தா இருக்கு. அந்த டப்பாவோட ரிப்போர்ட் இந்தா இருக்கு. இதுல சிவப்பு எங்க இருக்குன்னு காட்டு."

சின்னவள் பார்த்தாள். வரி வரியாக விரல் வைத்துப் பார்த்தாள். சிவப்பு இல்லை.

"அப்ப எங்கண்ணே இருந்து வந்துச்சு?"

"அத என்கிட்ட முதல்லயே கேட்டிருந்தா, நான் வகுப்புல நாறியிருக்க மாட்டேன்."

அவர் கண் அதற்குள் டிரம்மின் மேல் போய்விட்டது.

"போன மாசம் காய்ச்சினதா?"

"ஆமா. லேப்புக்குப் போனதும் இதுல இருந்துதான்."

வாசனைக்காரர் வெளியே போய் வெறும் காற்றை நாலு தடவை இழுத்து விட்டுவிட்டு வந்தார். சட்டைப் பையிலிருந்து கத்தரித்த வெள்ளைக் காகித நறுக்கு ஒன்றை எடுத்து டிரம்மில் தோய்த்தார். அதை விசிறி, மூக்குக்குக் கீழே கொண்டு போய், கண்ணை மூடிக்கொண்டார்.

"பச்சை ஆப்பிள். நான் குடுத்தது. சரி." இன்னொரு முறை விசிறினார். "ஆனா அவனுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டு ஒருத்தன் நிக்கிறான்."

"யாருண்ணே?"

"எலுமிச்சை. அதுவும் என் எலுமிச்சை. அந்தப் பழைய மருந்த நிறுத்தின அதே மாசம் அதையும் நிறுத்திட்டேன். பத்து மாசமா ஒரு சொட்டு யாருக்கும் குடுக்கல." அவர் கண்ணைத் திறந்தார். "போய்ச் சேர்ந்தவன் இங்க எப்படி வந்தான்?"

மூலையில் பாட்டில் கழுவிக்கொண்டிருந்த பெரியவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்:

"அது உறையில இருந்து வரும்."

இரண்டு பேரும் அவளைப் பார்த்தார்கள்.

"எந்த உறைக்கா?"

"உறைதான். பாலுக்கு ஊத்துறதில்லையா, அது மாதிரி."

"சோப்புக்கு எதுக்குக்கா உறை?"

பெரியவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். மேசைக்கு அடியில் உப்பு மூட்டைக்குப் பின்னால் கையை விட்டு, பழைய துண்டு சுற்றிய வெள்ளை கேன் ஒன்றை இழுத்தாள். அம்பது லிட்டர் கேன். கால் பாகத்துக்குக் கொஞ்சம் மேலே சரக்கு இருந்தது.

"காப்பகத்து ஆர்டர் மொத மொத வந்தப்ப காய்ச்சினோமே, ஒன்றரை வருஷம் முன்னாடி, அந்த ஈடு. என்னமா வந்துச்சு. தேன் மாதிரி, ஒரு கட்டி இல்லாம. அதுக்கு முன்னாடி மூணு தடவை திரிஞ்சு போய் நீ அழுதியே, மறந்துட்டியா. அதான் ஒரு கேன் எடுத்து வச்சேன். பிள்ளைங்க சோப்பு காய்ச்சுறப்பெல்லாம் ரெண்டு மக்கு ஊத்துவேன். அன்னையில இருந்து ஒரு தடவை திரிஞ்சிருக்கா, சொல்லு."

திரியவில்லை. அது உண்மை. ஒன்றரை வருடமாக மாதாமாதம் அந்த இரண்டு மக்கு உள்ளே போயிருக்கிறது. பழைய எலுமிச்சையும், அதோடு சேர்ந்து பழைய மருந்தும்.

"அக்கா, பட்டியல் எழுதறப்ப என்னென்ன போடுறீங்கன்னு உங்ககிட்ட உக்காந்து கேட்டேனே. ஏன்க்கா சொல்லல?"

"நீ எங்கடி அப்படிக் கேட்ட?" பெரியவளுக்குக் கோபம் வரவில்லை, நிஜமாகவே ஞாபகப்படுத்திப் பார்த்தாள். "பில்லு ஃபைல மடியில வச்சுக்கிட்டு, இது எவ்வளவு, அது எவ்வளவுன்னு கேட்ட. பில்லுல இருந்ததுக்கெல்லாம் சொன்னேன். இதுக்கு ஏது பில்லு? இது நம்ம சரக்கு. நம்ம சரக்குல நம்ம சரக்க ஊத்துறது ஒரு சாமானா?"

வாசனைக்காரர் இப்போதுதான் ஸ்டூலில் உட்கார்ந்தார். தோள் குலுங்கியது. சின்னவள் பதறிப் போய்ப் பார்த்தாள். சிரித்துக்கொண்டிருந்தார்.

"முப்பது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். சோப்புக்கு உறை ஊத்தினவங்கள இன்னைக்குத்தான் பார்க்கிறேன்."

"எங்களுக்கு மட்டும் எப்படித் திரியாம வருதுன்னு கேட்டீங்கல்ல, போன வருஷம். இப்ப தெரிஞ்சுக்கிட்டீங்கல்ல," என்றாள் பெரியவள், தொழில் ரகசியத்தை விட்டுவிட்ட வருத்தத்தோடு.

சின்னவள் தன் பட்டியலை எடுத்துப் பார்த்தாள். அத்தனை வகுப்புக்குப் போய், அத்தனையும் குறிப்பெடுத்து, கடைசியில் பில்லைப் பார்த்துப் பட்டியல் எழுதியிருக்கிறாள். வாங்குவதை எல்லாம் எழுதினாள். போடுவதை எழுதவில்லை. தப்பு அவள் கொட்டகை மேசைக்கடியில் துண்டு சுற்றிக்கொண்டு இருக்க, அவள் நூலக மாடியில் பதினாலு பேர் நடுவில் இன்னொருவர் மேல் விரல் நீட்டியிருக்கிறாள்.

"அண்ணே," என்று தொடங்கினாள்.

"இரும்மா. மன்னிப்பு எங்கயும் ஓடிடாது, அப்புறம் கேட்டுக்கலாம். லேப்ல வரிசை ஓடிடும். திரும்பச் சோதிக்கணுமே, எடம் கிடைக்குமா?"

"விசாரிச்சேன். இந்த மாசம் இனி ஒரு எடம்கூட இல்லையாம். எல்லாரும் ஒரே நேரத்துல வந்து குவிஞ்சுட்டாங்களாம்."

"வர்ற வியாழக்கிழமைக்கு என் பேர்ல மூணு சாம்பிளுக்கு எடம் இருக்கு. ஒண்ண நீ எடுத்துக்க."

"உங்க சரக்கு?"

"மூணாவது என் ரோஜா. அது அடுத்த மாசம் போகட்டும். ரோஜாவுக்கு ஒண்ணும் ஆகாது." எழுந்து ஃபைலைப் பையில் போட ஆரம்பித்தார். "புதன்கிழமைக்குள்ள புதுசா ஒரு ஈடு காய்ச்சிடணும். அந்த உறை இல்லாம."

ஏமாற்றுக்காரர் என்று சொன்ன சின்னவளின் வாய் இன்னும் மூடவில்லை, அந்த மனிதர் தன் இடத்தை எடுத்து இவள் கையில் வைக்கிறார். நன்றி என்று சொல்லலாம். அந்தச் சொல் அதற்குப் போதாது போலிருந்தது. வாசல்வரை போய், துணிப்பை இரண்டையும் ஆட்டோவில் தூக்கி வைத்தாள். அது ஒன்றுதான் அப்போது அவளால் முடிந்தது.

அன்றைக்கே காப்பகத்து மேடத்துக்குப் போன் செய்து, நடந்ததை மறைக்காமல் சொன்னாள். காப்பகங்களில் இருக்கும் பாட்டில்களைத் திரும்ப எடுத்துக்கொள்வதாகவும் சொன்னாள்.

"நீங்களாத்தான் சொன்னீங்க, நான் கேட்கல," என்றார் மேடம். "அத நான் ஞாபகம் வச்சிருப்பேன். ஆனா இருபத்தஞ்சு, இருபத்தஞ்சுதான்."

"சரிங்க மேடம். ரொம்ப நன்றி."

"பேப்பர் வந்தப்புறம் நன்றி சொல்லுங்க."

பேப்பர் கேட்டாரே, அதற்கே இவள் நன்றி சொன்னாள் என்பது அவருக்குப் புரிந்திருக்காது. அவர் மட்டும் விடாப்பிடியாகக் கேட்டிருக்காவிட்டால், அந்த கேன் காலியாகிற வரைக்கும் பிள்ளைகள் அதில்தான் கை கழுவியிருப்பார்கள்.

செவ்வாய்க்கிழமை முழுக்கக் கழுவல். டிரம்மை மூன்று முறை வெந்நீர் விட்டு அலசினார்கள். துடுப்பை மாற்றினார்கள். குழாய்த் திருகைக் கழற்றி அதன் இடுக்கை பிரஷ் வைத்துத் தேய்த்தார்கள். பெரியவள் தேய்த்துக்கொண்டே புலம்பினாள்.

"உறை இல்லாம திரிஞ்சா என்னடி பண்றது?"

"திரியாதுக்கா."

"உனக்கெப்படித் தெரியும்? நீ காய்ச்சுறியா?"

"இல்ல."

"அப்ப சும்மா இரு."

புதன்கிழமை காலையில் காய்ச்சினார்கள். தண்ணீர், நுரைச் சரக்கு, புது மருந்து, வாசனை. கடைசியில் உப்புக் கரைசல். திரவம் தண்ணீராகவே இருந்து, உப்பு சரியாக விழுந்த நொடியில் கெட்டிப்படும். கொஞ்சம் கூடினாலும் மறுபடி தண்ணீராக ஓடும். அதற்குப் பேர்தான் திரிவது. பெரியவள் ஒரு கையால் துடுப்பைச் சுற்றினாள். இன்னொரு கை தன்னையறியாமல் மேசைக்கு அடியில் போனது.

"அக்கா."

"என்னடி, கால் அரிச்சுது."

கேன் அங்கே இல்லை. முதல் நாளே சின்னவள் அதற்கு மூடி போட்டு, டேப் ஒட்டி, சாக்கடையில் ஊற்றக் கூடாதென்று வகுப்பம்மா சொல்லியிருந்ததால், கழிவு எடுக்கிறவர்களுக்குச் சீட்டு எழுதி வெளியே வைத்துவிட்டாள்.

உப்புக் கரைசல் சொட்டுச் சொட்டாக விழுந்தது. துடுப்பு சுற்றியது. தண்ணீர். இன்னும் தண்ணீர். பெரியவளின் உதடு ஏதோ முணுமுணுத்தது. பிறகு துடுப்பு கொஞ்சம் கனத்தது. பெரியவளின் முழங்கைதான் அதை முதலில் கண்டுகொண்டது. இன்னும் இரண்டு சுற்று. துடுப்பைத் தூக்கினாள். நுனியிலிருந்து ஒரே நூலாக, அறுபடாமல் இறங்கியது.

"வந்துருச்சே," என்றாள்.

"வந்துருச்சுக்கா."

சந்தோஷப்பட வேண்டிய பெரியவள் டிரம்மையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்ப அந்த ரெண்டு மக்கு இத்தனை நாளா ஒண்ணுமே பண்ணலையா?"

"உங்க கைதான்க்கா பண்ணிச்சு. நீங்க அது பேர்ல எழுதிட்டீங்க."

"போடி," என்றாள் பெரியவள். ஆனால் துடுப்பை இன்னொரு முறை தூக்கிப் பார்த்தாள், அந்த நூல் இறங்குவதைப் பார்ப்பதற்காகவே.

அந்தச் சனிக்கிழமை வகுப்பு தொடங்குவதற்கு முன்பே சின்னவள் கையைத் தூக்கினாள். போன வாரம் பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் இருந்தார்கள். அது அவளுக்கு வேண்டியிருந்தது. பயமாகவும் இருந்தது.

"போன வாரம் நான் ஒருத்தரப் பத்தி சொன்னேன். அது பொய். தெரியாம சொன்னேன்னு சொல்ல வரல. தெரிஞ்சுக்காம சொன்னேன். அவரு சரக்குல ஒரு குறையும் இல்ல. குறை எங்க கொட்டகையில இருந்துச்சு."

பிறகு உறைக் கதையைச் சொன்னாள். பில்லைப் பார்த்துத் தான் பட்டியல் எழுதினதைச் சொன்னாள். மூக்கை வைத்து அவர் கண்டுபிடித்ததையும், ரோஜாவை நிறுத்திவிட்டு லேப்பில் இடம் கொடுத்ததையும் சொன்னாள். பெஞ்சில் சிரிப்பு வரும் என்று எதிர்பார்த்தாள். ஷூ பாலீஷ்காரர் மட்டும் கொஞ்சம் சிரித்தார். மற்றவர்கள் யோசனையில் இருந்தார்கள்.

மெழுகுவர்த்திக்காரர் தொண்டையைக் கனைத்தார்.

"மேடம், ஒரு சந்தேகம். உடைஞ்ச மெழுகுவர்த்தி, ஓரம் செதுக்கினது எல்லாத்தையும் நான் மறுபடி உருக்கிச் சேர்த்துருவேன். பல வருஷமா. அதுவும் எழுதணுமா?"

"அதுல பழைய சாயம் இருக்குமே."

"அதத்தான் இப்ப யோசிச்சேன்."

வண்ணக் கலவை அம்மாள் கையைப் பாதி தூக்கினார். "பிரஷ் கழுவின தண்ணி கலரா இருக்கும். வீணாக்க மனசு வராது. அடுத்த கலவைக்கு அதையே ஊத்திக்குவேன்."

"பிரஷ்ஷ எதுல கழுவுறீங்க?"

அந்த அம்மாள் நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தார். ஒருவர் பின் ஒருவராக ஏழு பேர் வாய் திறந்தார்கள். எல்லாம் சிக்கனம், எல்லாம் கைப்பழக்கம். ஒன்றுக்கும் பில் இல்லை.

வகுப்பம்மா அன்றைய பாடத்தை அழித்துவிட்டு, பலகையில் பெரிதாக எழுதினார்: 'விலை கொடுத்து வாங்காமல் உள்ளே போவது எது?' எழுதிவிட்டுச் சின்னவள் பக்கம் திரும்பினார்.

"அஞ்சு வாரமா நான் பேசுறேன். இந்தக் கேள்வி எனக்குத் தோணவே இல்ல. அடுத்த ஊர் வகுப்புல இதுல இருந்துதான் ஆரம்பிக்கப் போறேன். ரொம்ப நன்றிம்மா."

"எனக்கெதுக்கு மேடம். அந்த மூக்குக்குச் சொல்லுங்க."

"மூக்கு பின் பெஞ்சுல உக்காந்திருக்கு," என்றார் மெழுகுவர்த்திக்காரர்.

சின்னவள் திரும்பினாள். வாசனைக்காரர் கதவோரத்தில், எப்போது வந்தாரோ, துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எல்லாரும் தன்னைப் பார்ப்பது தெரிந்ததும் கையை ஆட்டினார்.

"பாடத்த நடத்துங்க மேடம். நான் சும்மா, என் பேரு எப்படி இருக்குன்னு பார்த்துட்டுப் போக வந்தேன்."

"எப்படிண்ணே இருக்கு?" என்று கேட்டாள் சின்னவள்.

"போன வாரத்துக்கு இந்த வாரம் நல்ல வாசனைதான்."

இருபத்திமூன்றாம் தேதி ரிப்போர்ட் வந்தது. பத்து வரி, பத்தும் பச்சை. சின்னவள் அதைப் பெரியவளிடம் ஒருமுறை, பெரியவளின் வீட்டுக்காரரிடம் ஒருமுறை, டியூப் ஒட்டிக்கொண்டிருந்த சைக்கிள் கடைக்காரரிடம் கேட்காமலே ஒருமுறை படித்துக் காட்டினாள். அடியில் கையெழுத்துப் போட்டுக் காப்பகத்துக்கு எடுத்துப் போனாள். மேடம் கண்ணாடி போட்டு முழுக்கப் படித்து, ஃபைலில் வைத்து, "இப்ப சொல்லலாம்," என்றார்.

"நன்றி மேடம்."

"நானும் நன்றி சொல்லணும்," என்றார் அவர். "பிள்ளைங்க சார்புல."

சின்னவள் கொட்டகைக்குத் திரும்பி வந்தபோது பெரியவள் தரை துடைக்கும் திரவத்துக்கு டிரம்மைத் தயார் செய்துகொண்டிருந்தாள். அதற்கும் பாத்திரம் கழுவுகிறதுக்கும் பட்டியல் இன்னும் முடியவில்லை. சின்னவள் வழக்கம்போல அலமாரியிலிருந்து பில் ஃபைலை எடுத்தாள்.

"அத அங்கேயே வை," என்றாள் பெரியவள். "வெறும் நோட்ட எடுத்துக்கிட்டு இங்க வந்து நில்லு. நான் செய்யச் செய்ய எழுது. கேள்வி கேக்காத, பாரு."

சின்னவள் நோட்டோடு வந்து பக்கத்தில் நின்றாள். பெரியவள் குழாயைத் திறந்தாள்.

"தண்ணி. எழுது. மொத பக்கெட்ட வெளிய ஊத்திடுவேன், குழாய்ல துரு இருக்கும். அதையும் எழுது."

"எழுதிட்டேன்க்கா."

"வாளிய என் சேலையால துடைச்சேன்."

"அதுவுமா?"

"சேலைய எதுல துவைச்சேன்னு நாளைக்கு எவனாவது கேப்பான்."

எழுதினாள். நுரைச் சரக்கு, எத்தனை மக்கு, எந்த மக்கு. மருந்து, எந்த மூடியால் அளந்தது. பெரியவள் ஒன்று விடாமல், யாரோ தன் சொல்லுக்குக் காத்திருக்கிறார்கள் என்கிற மிடுக்கோடு, சொல்லிக்கொண்டே கலக்கினாள். இத்தனை வருடத்தில் அவள் வேலை செய்வதைச் சின்னவள் இவ்வளவு நேரம் பக்கத்தில் நின்று பார்த்ததே இல்லை. மணிக்கட்டு எங்கே திரும்புகிறது, துடுப்பு எப்போது நிற்கிறது, எப்போது அவள் மூச்சைப் பிடிக்கிறாள் என்பதெல்லாம் இப்போதுதான் கண்ணில் பட்டது.

நுரை மேலே எழும்பி விளிம்பைத் தொட்டது. பெரியவள் குனிந்து, உதட்டைக் குவித்து, ஃபூ, ஃபூ என்று ஊதினாள். நுரை அடங்கியது. நிமிர்ந்து சின்னவளைப் பார்த்தாள்.

"ஊதினதையும் எழுதணுமா?"

"எழுதறேன்க்கா."

"என்னன்னு எழுதுவ?"

சின்னவள் பேனாவை நோட்டில் வைத்து, கொஞ்சம் யோசித்தாள்.

"அக்காவோட மூச்சு. ஒரு தடவை."

"எந்தக் கடைன்னு கேட்டா?"

"கடையில கிடைக்காதுன்னு எழுதறேன்."

"எழுது, எழுது," என்றாள் பெரியவள், துடுப்பை மறுபடி எடுத்துக்கொண்டு. "அளவ சரியாப் போடு. ரெண்டு தடவை ஊதினேன்."